'பிபி நார்மல்' என்பது பதில் அல்ல

நம் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் உறவினர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கும் ஆறுதல் ஒன்று உண்டு: "பிபி நார்மல்தான், பயப்படாதீங்க." நான்கு நாள் காய்ச்சலுக்குப் பிறகு சூடு தணிந்த பிள்ளைக்குக் கை கால் சில்லிட்டிருக்கிறது என்று தாய் சொல்வார். பிரசவம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பெண் தாகம் தாகம் என்று படபடக்கிறாள் என்று கூட இருக்கும் அத்தை சொல்வார். கையில் சுற்றிய பட்டையில் காற்று ஏறி இறங்கும். திரையில் 100, 110 என்று ஓர் எண் வரும். பேச்சு அத்துடன் முடிந்தது. அந்த எண் 80க்குக் கீழே வந்தாலும் பேச்சு முடிந்துவிடுகிறது, வேறு விதமாக: "ஷாக். சலைனை வேகமா விடுங்க."

இரண்டு வாக்கியங்களும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறக்கின்றன. ஷாக் என்றால் ரத்த அழுத்தம் இறங்குவது. இறங்காதவரை ஷாக் இல்லை. இறங்கினால் உப்புநீர் ஏற்றி அழுத்தத்தை மீட்க வேண்டியது. என்ன வகை ஷாக் என்பதெல்லாம் தேர்வுத்தாளில் எழுதும் சங்கதி. சிறிய கிளினிக்கிலிருந்து பெரிய ஐசியூ வரை, வாய்விட்டுச் சொல்லாமலேயே பலர் நடைமுறையில் ஏற்றுக்கொண்டிருக்கும் கொள்கை இது. இது தவறு என்பது என் வாதம். ஷாக்கைக் கண்டுபிடிப்பதையும் அதன் வகையைக் கண்டுபிடிப்பதையும் முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று பிரித்துச் செய்ய முடியாது. இரண்டையும் பிபி கருவியின் பொறுப்பில் விட்டுவிடவும் முடியாது.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். உடலின் செல்களுக்குத் தேவையான ஆக்சிஜன் போய்ச் சேராத, அல்லது சேர்ந்தும் பயன்படாத நிலைதான் ஷாக். ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் சுமார் 1,000 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உறுப்புகளுக்குப் போகிறது; செலவாவது கால் பங்கு, 250 மில்லிலிட்டர் அளவுதான். மீதி கையிருப்பு. ரத்த ஓட்டம் குறையும்போது செல்கள் அந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அதுவும் தீர்ந்த பிறகு ஆக்சிஜன் இல்லாத வழியில் பிழைக்கப் பார்க்கின்றன. ரத்தத்தில் லாக்டேட் ஏறுகிறது. இந்தக் கணக்கில் அழுத்தம் எங்கே வருகிறது? ஓட்டத்தையும் ரத்தக்குழாய்களின் தடையையும் பெருக்கினால் கிடைப்பது அழுத்தம். ஓட்டம் பாதியாகி, தடை இரு மடங்கானால் அழுத்தம் துளியும் மாறாது. கருவி காட்டுவது பெருக்குத்தொகையை. நோயாளியின் உயிர் தொங்குவது ஓட்டத்தில்.

உடல் இந்தக் கணக்கைத் தனக்குச் சாதகமாகவே பயன்படுத்திக்கொள்கிறது. தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் கடைசித் தெருக்களுக்குப் போகும் வால்வுகளைப் பஞ்சாயத்தார் மூடிவிட்டால், பெரிய குழாயில் அழுத்தம் குறையாது. கடைவீதியில் நிற்பவருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் தெரியவே தெரியாது. ரத்தம் குறைந்ததும் உடல் தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் வழிவிடுகிறது. பிபி பட்டையைக் கடைவீதியில் கட்டிப் பார்க்கிறோம். பஞ்சம் கடைசித் தெருவில் இருக்கிறது.

ரத்தப்போக்கை எடுத்துக்கொள்வோம். விபத்துச் சிகிச்சைக்கு உலகெங்கும் கற்பிக்கப்படும் பாடத்தில் நான்கு படிகள் உண்டு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். அதில் 30 சதவீதம், அதாவது ஒன்றரை லிட்டர் வரை போன பிறகும் மேல் அழுத்தம் இயல்பாகவே இருக்கலாம் என்கிறது அந்தப் பாடம். நாடி வேகமாகிறது, மூச்சு வேகமாகிறது, கை சில்லிடுகிறது, மனம் பதறுகிறது. மேல் எண் மட்டும் அசைவதில்லை. எண் விழும்போது மூன்றாம் படியில் நிற்கிறோம். பிரசவத்துக்குப் பின் ரத்தம் இழக்கும் இளம்பெண்ணிடம் இது இன்னும் தந்திரமாக நடக்கும். அவள் உடல் இழப்பைச் சமாளித்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாகக் கைவிடும். நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் 'ஷாக் இண்டெக்ஸ்' என்ற எளிய கணக்கை ஆல்கோவர், புரி என்ற இரு மருத்துவர்கள் 1967இலேயே சொல்லிவிட்டார்கள். இயல்பில் அது 0.5 முதல் 0.7 வரை இருக்கும். நாடி 120, மேல் அழுத்தம் 110 என்றால் விடை ஒன்றைத் தாண்டுகிறது. 'பிபி நார்மல்' என்று எழுதிய அதே கேஸ் ஷீட்டில்தான் அந்த 120உம் எழுதப்பட்டிருக்கும்.

டெங்கு இந்த நம்பிக்கையை இன்னும் கடுமையாகத் தண்டிக்கும் நோய். 2012இல் திருநெல்வேலி வட்டாரத்தைப் புரட்டிப்போட்ட பிறகு தமிழ்நாட்டில் இந்த நோயின் பெயரை அறியாத வீடு இல்லை. ஆனாலும் காய்ச்சல் விட்டதும் ஆபத்து விட்டது என்ற எண்ணம் போகவில்லை. காய்ச்சல் இறங்கும் அந்த வேளையில்தான் ரத்தக்குழாய்களின் சுவரிலிருந்து பிளாஸ்மா கசிகிறது. ரத்தம் கெட்டியாகி ஹீமட்டோகிரிட் ஏறுகிறது. குழாய்கள் சுருங்குவதால் கீழ் எண் மேலே வருகிறது. மேல் எண் நின்ற இடத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கினால் அது ஷாக் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. மேல் எண் விழுந்த நிலையை அது தனியாக, அடுத்த கட்டமாக வைக்கிறது. ஆக, 100/84 என்ற அளவு டெங்குவில் ஷாக்கின் அறிவிப்பு. நம் வார்டுகளில் அதற்கு வழங்கும் பெயர் 'ஸ்டேபிள்'.

இதயத்தின் பக்கம் வந்தாலும் கதை இதேதான். மாரடைப்பால் வரும் ஷாக்கை ஆராய்ந்த 'ஷாக்' என்ற பெயருள்ள ஆய்வின் பதிவேட்டிலிருந்து 2000இல் ஒரு கட்டுரை வந்தது. பிபி இறங்காமலேயே உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் இருந்த நோயாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களில் 43 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். பிபி இறங்கியும் உறுப்புகளின் ரத்த ஓட்டம் குன்றாதவர்களில் இறந்தவர்கள் 26 சதவீதம். இரண்டும் சேர்ந்தவர்களில் 66. இந்த மூன்று எண்களையும் அடுக்கி வைத்தால் வேறு வாதமே தேவையில்லை. 'நல்ல' பிபியும் சில்லிட்ட கையுமாக வந்தவர், 'கெட்ட' பிபியும் வெதுவெதுப்பான கையுமாக வந்தவரைவிட மோசமான இடத்தில் இருந்தார்.

பிபியை நம்புகிறவர்கள் அதையாவது முழுதாகப் படிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. மேல் எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழ் எண்ணைத் தூக்கி எறிகிறார்கள். 100/84, 100/40 என்று இரண்டு நோயாளிகள். மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்று. முதலாமவரின் இடைவெளி 16: இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் சுருங்கிவிட்டது, குழாய்கள் இறுகிவிட்டன, கசிவோ, ரத்தப்போக்கோ, இதயமே சோர்ந்ததோ, இதயத்தைச் சுற்றி நீர் கட்டியதோ காரணமாக இருக்கலாம். இரண்டாமவரின் இடைவெளி 60: குழாய்கள் தளர்ந்து விரிந்துவிட்டன, கிருமித் தொற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒருவருக்கு உதவுவது மற்றவருக்குக் கேடாகலாம். வகைப்படுத்தும் வேலையில் பாதி அந்தக் கீழ் எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது.

எண் மேலே நின்றுகொண்டே ஆளைக் கொல்லும் உச்சக் காட்சியைக் காண மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதிக்குப் போக வேண்டும். செந்தேள் கொட்டிய நோயாளிக்குக் கை கால் பனிக்கட்டி போலிருக்கும், வியர்த்து ஊற்றும், நுரையீரலில் நீர் கோக்கும். பிபியோ முதல் மணி நேரங்களில் எகிறி நிற்கும். மஹாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இந்த நோயாளிகளின் அருகிலேயே உட்கார்ந்து கவனித்தார். 1982இல் 'லான்செட்' இதழில் எழுதினார். பிறகு பிராசோசின் என்ற, ரத்தக்குழாயை விரித்துப் பிபியைக் குறைக்கும் மலிவான மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கினார். இறப்பு பெரிதும் குறைந்தது. சில்லிட்ட கையோடு வந்தவருக்குப் பிபி குறைக்கும் மருந்து! எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ரத்தக்கொதிப்பு என்று எழுதியிருப்பார். கையை மட்டும் பார்த்திருந்தால் சலைனைத் திறந்துவிட்டு, நிறைந்துகொண்டிருந்த நுரையீரலை மேலும் நிறைத்திருப்பார். இறுகிய குழாய்களை எதிர்த்து இதயம் தள்ளாடுகிறது என்ற காரணத்தைப் பிடித்ததால் வழி கிடைத்தது.

எண் மறுபக்கமும் ஏமாற்றும். நம்மூரில் மெலிந்த இளம்பெண்கள் பலருக்கு 90/60 என்பதே அன்றாட அளவு. சமையலும் வேலையும் அதே அளவில் நடக்கின்றன. அவரைப் படுக்க வைத்து இரண்டு பாட்டில் ஏற்றுவது வைத்தியமாகாது. இருபது ஆண்டு ரத்தக்கொதிப்புக்காரருக்கு 160 பழகிப்போன அளவு. அவருக்கு 110 என்பது வீழ்ச்சி. இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவரின் நாடி, ரத்தம் போனாலும் வேகமெடுக்காது. தானியங்கிப் பிபி கருவியோ அதிர்வுகளிலிருந்து சராசரியை எடுத்து, மேல், கீழ் எண்களைத் தன் சூத்திரத்தால் கணித்துச் சொல்கிறது. அழுத்தம் மிகக் குறைந்தோ நாடி ஒழுங்கற்றோ இருக்கும்போது அதன் சொல்லில் பிழை மலியும். குழந்தையின் கையில் பெரியவர் பட்டையைச் சுற்றினாலும் அப்படித்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். எண் என்பது எவர் அளந்தாலும் எண். கை சில்லிட்டிருக்கிறதா, விரல் வெளுத்திருக்கிறதா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் அபிப்பிராயம். அதை நம்பிச் சிகிச்சை செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். தென் அமெரிக்க நாடுகளில் கிருமித் தொற்று ஷாக்கில் இருந்த 424 பேரிடம் நடந்த 'ஆந்த்ரோமெடா ஷாக்' ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு குழுவுக்கு லாக்டேட் அளவைப் பார்த்துச் சிகிச்சை. மற்றதற்கு விரல் நுனியைப் பார்த்து. ஆட்காட்டி விரலின் நுனியை ஒரு கண்ணாடித் துண்டால் வெளுக்கும்வரை அழுத்தி, 10 நொடி பிடித்து, விட்டதும் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆகிறதா என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். 28 நாளில் இறந்தவர்கள் விரல் பார்த்த குழுவில் 34.9 சதவீதம், லாக்டேட் குழுவில் 43.4. வேறுபாடு புள்ளியியல் எல்லையைச் சற்றே தவறவிட்டது. விரல் வென்றது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் செலவில்லாத ஒரு சோதனை ஆய்வகச் சோதனையைவிடத் தாழ்ந்துபோகவில்லை என்பது உறுதி. அபிப்பிராயத்தை அளவாக மாற்ற ஒழுங்கு வேண்டும், இயந்திரம் வேண்டியதில்லை. நம் நோயாளிகளுக்கு இதில் கூடுதல் பொருளும் உண்டு. முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத் திட்டாக மாறுவதைப் பார்த்து ஷாக்கை அளக்கும் முறை கறுத்த தோலில் எளிதில் தெரியாது. விரல் நுனியும் தொடுசூடும் நமக்கு அதைவிட நம்பகமானவை. குளிரூட்டிய அறையில் கை இயல்பாகவே சில்லிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சில்லிட்ட கையை நம்பாமல் எண்ணை நம்பும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது? ரிவா ரோச்சி இத்தாலியில் 1896இல் பிபி பட்டையைக் கொண்டுவந்தார். கொரோட்கோவ் 1905இல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையைச் சேர்த்தார். அதுவரை தொட்டும் பார்த்தும் அறிந்ததை எண்ணாக எழுத முடிந்ததும், எழுத முடிந்ததே உண்மை என்றாகிவிட்டது. ஆனால் முதல் உலகப்போரின் நடுவிலேயே, 1917இல், எட்வர்டு ஆர்ச்சிபால்டு என்ற கனடிய அறுவை மருத்துவர் போர்முனைக் காயங்களைப் பார்த்துவிட்டு, அழுத்தக் குறைவு ஷாக்கின் ஓர் அடையாளம்தான், அதன் சாரம் வேறு என்று எழுதிவிட்டார். 1930களில் ஆல்ஃபிரட் பிளாலாக்கும், அவர் ஆய்வகத்தின் கறுப்பினத் திறனாளர் விவியன் தாமசும், நசுங்கிய காலுக்குள் கசிந்து தேங்கும் திரவமே ஷாக்கை உண்டாக்கப் போதும் என்று காட்டி, 'காயத்து நஞ்சு' என்ற அந்தக் காலத்துப் பெருநம்பிக்கையை உடைத்தார்கள். பிளாலாக் 1934இலேயே காரணத்தை வைத்து ஷாக்கைப் பிரித்தார். 1970களின் தொடக்கத்தில் மேக்ஸ் ஹாரி வெயிலும் ஹெர்பர்ட் ஷூபினும் முன்வைத்த பிரிவுகளிலிருந்து இன்று நாம் படிக்கும் நான்கு வகைகள் வந்தன: ரத்தமோ நீரோ குறைந்தது, இதயம் தளர்ந்தது, வழி அடைபட்டது, குழாய்கள் விரிந்தது. அறிவு நூறாண்டுக்கு முன்பே எண்ணைத் தாண்டிவிட்டது. நடைமுறை இன்னும் அங்கேயே நிற்கிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது. 2016இல் வந்த 'செப்சிஸ்-3' வரையறையே கிருமித் தொற்று ஷாக் என்று சொல்ல, போதிய திரவம் கொடுத்த பிறகும் சராசரி அழுத்தத்தை 65இல் நிறுத்த மருந்து தேவைப்பட வேண்டும், லாக்டேட் 2ஐத் தாண்ட வேண்டும் என்கிறது. அழுத்தமில்லாமல் ஷாக் ஏது என்பார்கள். அந்த வரையறை பிரித்தெடுப்பது, 40 சதவீதத்துக்கு மேல் இறந்துபோகும் ஒரு கூட்டத்தை. ஆய்வுக்கும் கணக்கெடுப்புக்கும் அப்படி ஒரு கோடு தேவை. கோட்டின் அந்தப் பக்கம் போனவர்களை எண்ணுவதற்குப் பயன்படும் அளவுகோலை, இந்தப் பக்கம் நிற்பவரைக் காப்பாற்றுவதற்கு எடுத்துக்கொள்வது தவறு. எல்லா வகை ஷாக்குக்கும் பொதுவாக ஐரோப்பியத் தீவிர சிகிச்சை சங்கம் 2014இல் வெளியிட்ட ஒருமித்த கருத்து, ஷாக் என்று தீர்மானிக்கப் பிபி குறைந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இனி நம்பிக்கையின் இரண்டாம் பாதி: 'முதலில் சலைன், வகை பிறகு.' இதன் ஆதரவாளர்களிடமும் ஒரு கணக்கு உண்டு. ஷாக்கில் இருந்த 1,679 பேரைச் சேர்த்து 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 62 சதவீதம் கிருமித் தொற்று, 16 சதவீதம் இதயம், 16 சதவீதம் நீர், ரத்தக் குறைவு. தொற்றல்லாத காரணத்தால் குழாய் விரிந்தவர்கள் 4, அடைப்பு வெறும் 2. பெரும்பாலோருக்குத் திரவம் வேண்டியிருக்கும்போது சிறுபான்மையை நினைத்து ஏன் தயங்க வேண்டும் என்பார்கள்.

அந்தப் பெரும்பாலோருக்கே கண்மூடித்தனமாகக் கொடுத்த திரவம் என்ன செய்தது என்று பாருங்கள். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் இருந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த 'ஃபீஸ்ட்' ஆய்வு 2011இல் வெளியானது. வேகமாகத் திரவம் ஏற்றிய இரு குழுக்களிலும் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் 10.6, 10.5 சதவீதம். வேகமாக ஏற்றாத குழுவில் 7.3. 2017இல் சாம்பியாவிலிருந்து வந்த ஆய்வில் கிருமித் தொற்றோடு பிபியும் இறங்கிய 212 பெரியவர்கள்; நெறிமுறைப்படி தாராளமாகத் திரவமும் மருந்தும் கொடுத்த குழுவில் 48.1 சதவீதம் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 33. சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து 2008இல் வெளியான ஆய்விலும், வேகமாக அதிகம் கொடுத்த குழந்தைகளுக்கும் மெதுவாகக் கொடுத்தவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை. ஆப்பிரிக்க ஆய்வுகளில் மலேரியாவும் ரத்தசோகையும் எச்.ஐ.வி.யும் மலிந்திருந்தன, வென்டிலேட்டர் வசதி குறைவு, அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பது உண்மை. ஃபீஸ்ட் ஆய்வே வயிற்றுப்போக்குக் குழந்தைகளைச் சேர்க்கவில்லை. ஏன்? அவர்களுக்குத் தண்ணீர் உயிர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்த விலக்கில்தான் என் வாதம் இருக்கிறது: வகையறிந்தே அந்த ஆய்வைத் திட்டமிட்டார்கள்; வகையறியாமல் அதன் பாடத்தைப் பின்பற்ற முடியாது. சர்வதேசச் செப்சிஸ் வழிகாட்டுதலும், முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் என்று 2016இல் வலுவாகப் பரிந்துரைத்ததை 2021இல் பலவீனமான பரிந்துரையாக இறக்கிவிட்டது.

அந்த 2 சதவீதத்தையும் ஒதுக்க முடியாது. காசநோய் குறையாத நம் நாட்டில் இதய உறையில் நீர் கட்டி இதயத்தை நெரிப்பது அபூர்வமல்ல. அங்கே உயிரைக் காப்பது நீரை வெளியே எடுக்கும் ஊசி. மார்புக் கூட்டில் காற்று அடைத்து அழுத்தும்போதும் ஊசிதான், அதுவும் எக்ஸ்ரேக்குக் காத்திராமல். நுரையீரல் தமனியில் பெரிய ரத்தக்கட்டி அடைத்தால் அதைக் கரைக்க வேண்டும். குறைவாக வருவது என்பதால் மறந்துவிடலாம் என்றால், அடையாளம் கண்ட சில நிமிடங்களில் முற்றிலும் மீட்கக்கூடியவர்களை மறக்கிறோம். மருந்தும் வகை பார்த்தே வேலை செய்கிறது. மேலே சொன்ன அதே ஐரோப்பிய ஆய்வில் டோபமின் பெற்றவர்களில் 24.1 சதவீதம் பேருக்கு இதயத்துடிப்பு தாறுமாறானது. நாரட்ரினலின் பெற்றவர்களில் அது 12.4. இதயத்தால் ஷாக்கில் விழுந்தவர்களைத் தனியே பார்த்தால் டோபமின் குழுவில் இறப்பும் கூடியிருந்தது. பிபியை ஏற்றியது இரண்டும்தான்.

"இத்தனையும் யோசிக்க நேரம் ஏது? ஆள் செத்துக்கொண்டிருக்கிறான்" என்பது கடைசி அரண். யோசிப்பதற்கு ஆகும் நேரம், சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு ஊசி குத்தும் நேரம்தான். கையைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக, கீழ் எண் தாழ்ந்திருந்தால் குழாய்கள் விரிந்திருக்கின்றன: தொற்று, ஒவ்வாமை, தண்டுவடக் காயம், கடைசியில் சொன்னதில் நாடி மெதுவாக ஓடும். சில்லிட்டிருந்தால் கழுத்தைப் பாருங்கள். சிரை தட்டையாக இருந்தால் உள்ளே சரக்கு இல்லை: ரத்தப்போக்கு, வயிற்றுப்போக்கு, கசிவு. புடைத்திருந்தால் சரக்கு இருக்கிறது, நகரவில்லை: ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். இரு நுரையீரலிலும் நீர்ச்சத்தம் கேட்டால் இடப்பக்க இதயம். தெளிவாக இருந்தால் இதய உறை, நுரையீரல் தமனி, வலப்பக்க இதயம். ஒரு பக்கம் மூச்சொலியே இல்லையென்றால் மார்பில் காற்று. இதற்கு மேல் ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி இருந்தால் இதயம், பெருஞ்சிரை, நுரையீரல், வயிறு என்று ஒரு சுற்று சில நிமிடங்களில் முடியும். இதற்கான ஒழுங்குமுறைகள் 2010 வாக்கிலேயே வந்துவிட்டன. ரத்தம் பீறிட்டு ஓடுகிறவருக்கு இதெல்லாம் வேண்டாமே என்பார்கள். அங்கே வகை கண்ணெதிரே தெரிகிறது, அதனால் வேண்டாம். தெரியாத இடத்தில் ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்து ஐந்து மணி நேரம் தவறான பாதையில் போகிறோம்.

வகைப்பாட்டை ஆதரிப்பவர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. பாடநூலின் நான்கு கட்டங்களில் ஒன்றில் நோயாளியைப் போட்டுப் பூட்டிவிடுவது, பிபியை வழிபடுவதன் இன்னொரு வடிவம். கண்ணாடி விரியன் கடித்தவரைப் பாருங்கள். உறையும் சக்தி தீர்ந்து ரத்தம் கொட்டுகிறது. குழாய்கள் கசிந்து கண் வெள்ளையும் கன்னமும் வீங்குகின்றன. சிலருக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியிலேயே ரத்தம் கசிந்து கார்ட்டிசால் இல்லாமல் போகிறது. எவ்வளவு திரவம் ஏற்றினாலும் எழாத அந்தப் பிபி, ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்ததும் எழும். மூட்டுவலிக்குப் பல மாதம் ஸ்டீராய்டு தின்று திடீரென நிறுத்தியவரும் இதே கதைதான். கிருமித் தொற்று ஷாக்கில் முதலில் விரிந்த குழாய், பிறகு சோர்ந்த இதயம் என்று வகையே மாறும். டெங்குவில் கசிவு 24 முதல் 48 மணி நேரம். அதற்குப் பிறகு கசிந்த நீர் தானாகவே குழாய்க்குள் திரும்புகிறது. முந்தைய நாள் காப்பாற்றிய அதே டிரிப், இப்போது நுரையீரலை நனைக்கும். ஆகவே வகை என்பது ஒட்டிவிட்டுப் போகும் சீட்டாக முடியாது. அது ஒவ்வொரு பாட்டிலுக்கும் பிறகு மறுபடி கேட்க வேண்டிய கேள்வி.

பிபி பட்டையைக் குப்பையில் போடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். சராசரி அழுத்தம் 65க்குக் கீழே நெடுநேரம் கிடந்தால் சிறுநீரகம் பழுதாகும். இறங்கிய பிபியை எவரும் அலட்சியம் செய்யக் கூடாது. அதன் இடத்தில் லாக்டேட்டை உட்கார வைத்து வணங்கவும் நான் சொல்லவில்லை. வலிப்பு வந்தவருக்கும், அட்ரினலின் ஓடுபவருக்கும், கல்லீரல் கெட்டவருக்கும், தையமின் குறைந்த குடிநோயாளிக்கும் லாக்டேட் ஏறும். எந்த எண்ணும் தனியாகச் சாட்சி சொல்லத் தகுதியற்றது. தோலும் சிறுநீரும் நினைவும் மூன்று சாளரங்கள். எண்கள் அவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாதபோது சந்தேகப்பட வேண்டியது எண்ணை.

மாற்றம் பெரிய செலவில் இல்லை. கேஸ் ஷீட்டில் பிபி கட்டத்துக்கு அருகே இன்னும் நான்கு கட்டங்கள் போதும்: மேல், கீழ் எண்களின் இடைவெளி, விரல் நுனியில் நிறம் திரும்பும் நொடி, கையின் சூடு, ஒரு மணி நேரச் சிறுநீர், கிலோவுக்கு அரை மில்லிலிட்டராவது வருகிறதா என்று. ஆள் மாறும் வேளையில் 'பெட் 4, ஷாக், சலைன் போகுது, பிபி 100' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது இன்றைய வழக்கம். அந்த வாக்கியத்தில் நோயாளியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. கிளம்புகிற டாக்டர் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: எந்த வகை ஷாக் என்று நினைக்கிறேன், எதைப் பார்த்து அப்படி நினைக்கிறேன், அடுத்த ஒரு மணி நேரத்தில் எது நடந்தால் என் எண்ணம் தவறென்று கொள்ள வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் ஒப்படைக்கப்படும் நோயாளியைப் பொறுப்பேற்க வருகிறவர் மறுக்க வேண்டும். மறுத்து, படுக்கைக்கு அவரையும் அழைத்துப் போய், இருவருமாக நோயாளியின் கையைத் தொட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.